தோற்றாலும் திரும்பி வரும் வில்லன்கள்!

உங்களிடம் ஒரு கேள்வி. துரியோதனன் இதுவரை எத்தனை தடவை தோற்றிருப்பான்?

"இது என்ன கேள்வி? மகாபாரதப் போரில் ஒரே தடவைதானே!" என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலை பக்கம் திரௌபதி அம்மன் கோயில் இருக்கும் ஊர்களில் கேட்டுப் பாருங்கள். திருவிழாவின்போது மண்ணைக் குழைத்து, மல்லாந்து படுத்திருக்கும் துரியோதனன் உருவத்தைப் பிரமாண்டமாகச் செய்வார்கள். தெருக்கூத்துக் கலைஞர்கள் பீமனாகவும் துரியோதனனாகவும் வேஷம் கட்டி அங்கே சண்டை போடுவார்கள். கடைசியில் பீமன் தொடையில் அடிக்க, துரியோதனன் சாய்வான். இதற்குப் 'படுகளம்' என்று பெயர். அத்தோடு கதை முடிந்ததா? இல்லையே! அடுத்த திருவிழாவில் புது மண்ணில் துரியோதனன் மறுபடியும் வந்து படுத்திருப்பான்!

இப்படித் தோற்ற பிறகும் திரும்பி வருகிற வில்லன்கள் டி.வி.யிலும் உண்டு. உங்கள் சித்தப்பாவையோ அத்தையையோ கேட்டால் 'சக்திமான்' பற்றிச் சொல்வார்கள். 1997-இல் தொடங்கி 2005 வரை தூர்தர்ஷனில் வந்த தொடர் அது. சக்திமானாக நடித்தவர் முகேஷ் கன்னா. அவருக்கு எதிரி, இருட்டின் அரசனான கில்விஷ். சக்திமான் ஒவ்வொரு முறை ஜெயித்தாலும், கில்விஷ் வேறு ஒரு வில்லனை அனுப்பிக்கொண்டே இருப்பான். இதில் ஒரு சுவாரஸ்யம். முகேஷ் கன்னா, கில்விஷாக நடித்த சுரேந்திர பால் இருவருமே 1988-இல் தொடங்கிய 'மகாபாரத்' டி.வி. தொடரிலும் நடித்தவர்கள். ஒருவர் பீஷ்மர், இன்னொருவர் துரோணர்!

ஆனால், திரும்பி வரும் வில்லன்களுக்கென்றே உலகப் புகழ் பெற்ற தொடர் ஒன்று இருக்கிறது. அதுதான் இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் தயாரித்த 'டாக்டர் ஹூ'. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி இதன் முதல் பகுதி ஒளிபரப்பானது. 1989-இல் நின்று போய், 2005-இல் மறுபடி தொடங்கியது. மிக நீண்ட காலம் வந்த அறிவியல் கதைத் தொடர் என்று கின்னஸ் சாதனையும் படைத்தது. அந்த முதல் கதையை இயக்கியவர் யார் தெரியுமா? நம் நாட்டு லக்னோவில் பிறந்த வாரிஸ் உசேன்! அப்போது அவருக்கு வயது 24தான்.

யார் இந்த டாக்டர்?

கதையின் நாயகனுக்குப் பெயர் டாக்டர். அவர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை! வேற்றுக் கிரகத்தைச் சேர்ந்தவர். காலத்தைக் கடந்து போகும் இயந்திரம் ஒன்று அவரிடம் உண்டு. வெளியே பார்த்தால் லண்டன் தெருக்களில் அந்தக் காலத்தில் இருந்த நீல நிறப் போலீஸ் பெட்டி மாதிரி சின்னதாக இருக்கும். உள்ளே போனால் அரண்மனை போலப் பெரிதாக இருக்கும். அதில் ஏறினால் டைனோசர் காலத்துக்கும் போகலாம், பத்தாயிரம் ஆண்டு கழித்து வரும் காலத்துக்கும் போகலாம்.

டாக்டர் துப்பாக்கியை நம்புகிறவர் இல்லை. அவருடைய பெரிய ஆயுதம் மூளை. அவர் உடல் சாகும் நிலைக்கு வந்தால், புது உடலும் புது முகமும் எடுத்துக்கொள்வார். அதனால்தான் நடிகர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் கதை அறுபது ஆண்டுகளைத் தாண்டி ஓடியது. நாயகனே திரும்பத் திரும்ப வரும்போது, வில்லன்கள் சும்மா இருப்பார்களா?

அடைப்பு எடுக்கும் கையோடு வந்த அரக்கன்

முதல் பெரிய வில்லன் கூட்டம், டாலெக்குகள். இவை 1963 டிசம்பரில் வந்தன. கவிழ்த்து வைத்த மிளகுத்தூள் குப்பி போன்ற உருவம். நெற்றியில் ஒரு குச்சி, அதன் நுனியில் ஒரு கண். ஒரு கை துப்பாக்கி. இன்னொரு கை? சமையலறைத் தொட்டியில் அடைப்பு எடுக்கும் ரப்பர் கிண்ணம்!

சிரிப்பு வருகிறதா? ஆனால், அன்றைய இங்கிலாந்துக் குழந்தைகள் இதைப் பார்த்து சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்களாம்.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தொடரைத் தொடங்கிய பி.பி.சி. அதிகாரி சிட்னி நியூமன், "கண் பிதுங்கிய பூதங்கள் எதுவும் இதில் வரக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குழந்தைகளுக்குச் சரித்திரமும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கும் தொடராக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் துணிந்து டாலெக் கதையை எடுத்தார். அதுதான் தொடரையே தூக்கி நிறுத்தியது!

கதையை எழுதியவர் டெர்ரி நேஷன். உருவத்தை வடிவமைத்தவர் ரேமண்ட் கூசிக். உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்து கால்களால் தள்ளி நகர்த்த வேண்டும். அதனால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதனை முதலில் வரைந்து, அவரைச் சுற்றிக் கூடு வரைந்தார் கூசிக். செலவுக்குப் பணம் அதிகம் இல்லை. முதல் கதைக்கு நான்கே நான்கு டாலெக்குகள்தான் செய்தார்கள். கூட்டமாகக் காட்ட வேண்டிய இடத்தில், டாலெக் படத்தைப் பெரிதாக்கி, அட்டையில் ஒட்டிப் பின்னால் நிற்க வைத்துவிட்டார்கள்!

பிறகு டாலெக் பொம்மைகள் கடைகளில் அமோகமாக விற்றன. ஆனால், சம்பளத்துக்கு வேலை பார்த்த கூசிக்குக் கிடைத்தது சிறு வெகுமதி மட்டுமே. இப்போது அந்த உருவத்தைப் பார்க்கும்போது, அதை வரைந்த கையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்: டாலெக் குரல்!

டாலெக்கின் குரல் இரும்பு பேசுவது போல நடுநடுங்கி ஒலிக்கும். நடிகர் மைக்கில் பேச, 'ரிங் மாடுலேட்டர்' என்ற மின் கருவி அந்தக் குரலை ஒரு நொடிக்குப் பல தடவை ஏற்றி இறக்கும். உங்களிடம் அந்தக் கருவி இல்லை. ஆனால், டேபிள் ஃபேன் இருக்கிறதே! கம்பி வலை போட்ட ஃபேன் முன்னால் ஒரு கை நீளம் தள்ளி உட்கார்ந்து, "நான்... தான்... டாலெக்..." என்று நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். சுற்றும் இறக்கைகள் உங்கள் குரலை நறுக்கி நறுக்கித் திருப்பி அனுப்பும். ஏறக்குறைய அதே மாதிரி நடுக்கம் கேட்கும். விரலையோ தலைமுடியையோ ஃபேன் பக்கம் கொண்டு போகக்கூடாது, சரியா?

மேலாடையால் தோற்ற டாலெக்

முதல் கதையில் டாலெக்குகளை எப்படி வென்றார்கள் தெரியுமா? உங்கள் அறிவியல் பாடம் இங்கே கைகொடுக்கிறது.

டாலெக் நகரத்தின் தரை முழுவதும் உலோகம். அந்தத் தரையில் இருந்துதான் டாலெக்குகளுக்கு மின்சாரம் கிடைக்கும். சிறையில் இருந்த டாக்டரின் குழுவினர், காவலுக்கு வந்த டாலெக்கின் கண்ணில் சேற்றை அப்பினார்கள். பிறகு தரையில் ஒரு மேலாடையை விரித்து, டாலெக்கை அதன் மேல் தள்ளினார்கள். மேலாடை மின்சாரத்தைக் கடத்தாது. அவ்வளவுதான், டாலெக் 'கப்சிப்'! கதை முடிவில் மின்சாரமே நின்று போக, எல்லா டாலெக்குகளும் அடங்கிவிட்டன.

ஆனால், ரசிகர்கள் விடவில்லை. 1964 நவம்பரில் டாலெக்குகள் திரும்பி வந்தன. இந்தத் தடவை முதுகில் வட்டமான ஒரு தட்டு. மின்சாரத்தை வாங்கிக்கொள்ள உலோகத் தரை தேவையில்லை. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் மேலேயே ஊர்வலம் போயின!

கவனித்தீர்களா, குட்டீஸ்? எதனால் தோற்றதோ அதைச் சரி செய்துகொண்டு வில்லன் திரும்பி வருகிறான். அதனால் பழைய தந்திரம் இரண்டாவது முறை பலிக்காது. நாயகன் புதிதாக யோசித்தே ஆக வேண்டும்.

"டாலெக்கிடம் இருந்து தப்ப ஒரே வழி, மாடிப்படி ஏறுவதுதான்!" என்று பல வருடங்கள் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். 1988-இல் வந்த கதையில் ஒரு டாலெக் தரையில் இருந்து எழும்பி, மிதந்தபடியே மாடிப்படி ஏறியது. கிண்டல் செய்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

நெஞ்சில் ஈரம் இல்லாத சைபர்மேன்

அடுத்த வில்லன் கூட்டம் 1966-இல் வந்தது. பெயர் சைபர்மேன். இவர்களை உருவாக்கிய இருவரில் ஒருவர் கிட் பெட்லர். அவர் நிஜமான மருத்துவ விஞ்ஞானி! இன்னொருவர் கதாசிரியர் ஜெர்ரி டேவிஸ்.

மனித உடலில் பழுதான பாகத்தை எடுத்துவிட்டுச் செயற்கைப் பாகம் வைக்கும் சிகிச்சைகள் அப்போது வேகமாக வளர்ந்துகொண்டிருந்தன. பெட்லருக்கு ஒரு கேள்வி தோன்றியது. 'கை, கால், இதயம் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் மனிதன் மிச்சம் இருப்பானா?' அந்தக் கேள்விதான் சைபர்மேன்.

நாம் ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். செயற்கைக் கால் வைத்து ஓடுகிறவர்களும், இதயத்துக்கு உதவும் பேஸ்மேக்கர் கருவி வைத்திருக்கும் தாத்தா பாட்டிகளும் நம்மைப் போன்ற மனிதர்களே. சைபர்மேன்கள் கெட்டவர்கள் ஆனது உலோகக் கையால் அல்ல. வலி வேண்டாம், துக்கம் வேண்டாம் என்று உணர்ச்சிகளையே பிடுங்கி எறிந்தார்கள். துக்கத்தோடு சேர்ந்து பாசமும் இரக்கமும் போய்விட்டன. அதுதான் ஆபத்து!

சைபர்மேன்களை வெல்லவும் வேதியியல் உதவியது. 1967-இல் வந்த ஒரு கதையில், அவர்களின் நெஞ்சில் இருந்த கருவி பிளாஸ்டிக்கால் ஆனது என்று தெரிந்துகொண்டார்கள். நகப்பூச்சை அழிக்கும் திரவம் சிலவகைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் அல்லவா? அதனுடன் வேறு சில திரவங்களைக் கலந்து பீய்ச்சி அடித்து சைபர்மேன்களை விரட்டினார்கள். யோசனை சொன்னது பாலி என்ற பெண்!

முகம் மாற்றும் எதிரி

கந்த சஷ்டி சூரசம்ஹாரம் பார்த்திருக்கிறீர்களா? அசுரன் யானைத் தலையோடு வருவான். முருகன் வெல்வார். சிங்கத் தலையோடு வருவான். மறுபடி தோற்பான். பிறகு சூரபத்மன் தன் சொந்தத் தலையோடு வருவான். ஒவ்வொரு தலையாக மாற்றும்போது கூட்டம் ஆரவாரம் செய்யும்.

டாக்டர் ஹூவிலும் அப்படி ஒரு வில்லன் உண்டு. பெயர் மாஸ்டர். டாக்டரின் இனத்தைச் சேர்ந்தவன். சின்ன வயதில் டாக்டரின் நண்பன். எல்லோரையும் அடக்கி ஆள வேண்டும் என்ற ஆசையால் எதிரி ஆனவன். 1971-இல் முதன்முதலாக மாஸ்டராக நடித்தவர் ரோஜர் டெல்காடோ. அந்த ஆண்டு வந்த ஐந்து கதைகளிலும் மாஸ்டர்தான் வில்லன்! 1973-இல் துருக்கியில் நடந்த கார் விபத்தில் டெல்காடோ இறந்து போனார். ஆனால், டாக்டரைப் போலவே மாஸ்டரும் முகம் மாற்றுகிறவன் ஆயிற்றே. அதனால் வேறு நடிகர்கள் அந்த வேஷத்தைத் தொடர்ந்தார்கள். 2014-இல் மிஷெல் கோமஸ் என்ற நடிகை 'மிஸ்ஸி' என்ற பெயரில் பெண் உருவில் அதே எதிரியாக வந்தார். 2020-இல் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சச்சா தவான் மாஸ்டராக மிரட்டினார்.

1985-இல் வந்த 'ராணி' என்ற வில்லியும் இப்படித்தான். அவள் ஒரு விஞ்ஞானி. பிற உயிர்களை வெறும் சோதனைப் பொருளாகப் பார்ப்பவள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2025-இல் ராணி திரும்பி வந்தபோது அவளாக நடித்தவர்களில் ஒருவர் ஆர்ச்சி பஞ்சாபி. அவரும் இந்திய வம்சாவளியினரே!

கண் சிமிட்டினால் ஆபத்து

'ஸ்டாச்சு' விளையாட்டு தெரியும்தானே? பார்க்கும்போது ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். 2007-இல் வந்த 'அழும் தேவதைகள்' என்ற உயிர்கள் இந்த விளையாட்டைப் போலவே நடந்துகொள்ளும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் வரை அவை கற்சிலைகள். கண் சிமிட்டினால் போதும், பக்கத்தில் வந்து நிற்கும்! இதற்குப் பெரிய செலவு இல்லை. பூங்காவில் பார்க்கிற சிலையும், எல்லோருக்கும் தெரிந்த ஒரு விளையாட்டும் போதுமாக இருந்தது. இவையும் 2010-இல் திரும்பி வந்துவிட்டன.

வில்லன் ஏன் திரும்பி வருகிறான்?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். ஒரே வில்லனை அறுபது ஆண்டுகள் பார்த்தால் சலித்துப் போகாதா?

டெர்ரி நேஷன் 1930-இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது அவர் உங்களைப் போலப் பள்ளிக்கூடச் சிறுவன். தங்கள் இனம்தான் உயர்ந்தது, மற்றவர்கள் வாழத் தகுதி இல்லாதவர்கள் என்று சொல்லி ஹிட்லரின் நாஜிக்கள் லட்சக்கணக்கான மக்களைக் கொன்ற காலம் அது. அந்த வெறுப்புக்குத்தான் நேஷன் ஓர் உருவம் கொடுத்தார். டாலெக்குகள் பேசும் ஒரே பேச்சு, "எங்களைப் போல் இல்லாதவர்களை அழி!" என்பதுதான்.

அந்த வெறுப்பு உலகப் போரோடு முடிந்துவிட்டதா? இல்லை. வேறு வேறு ஊரில், வேறு வேறு பெயரில் திரும்பி வந்துகொண்டே இருந்தது. அதனால்தான் டாலெக்கும் திரும்பி வருகிறது. கதையில் ஒரு தடவை ஜெயித்தால் போதாது என்பதை அது நமக்கு ஞாபகப்படுத்துகிறது.

1975-இல் வந்த ஒரு கதையில், டாலெக்குகள் உருவாகும் இடத்துக்கே டாக்டர் போய்விடுவார். அவர் கையில் இரண்டு மின் கம்பிகள். இரண்டையும் தொட வைத்தால் குண்டு வெடிக்கும். டாலெக் இனமே பிறக்காமல் போய்விடும். ஆனால், டாக்டர் தயங்குவார். 'ஓர் இனத்தையே அழிக்க எனக்கு உரிமை இருக்கிறதா? அப்படிச் செய்தால் எனக்கும் டாலெக்குக்கும் என்ன வித்தியாசம்?' என்று யோசிப்பார்.

2005-இல் இன்னொரு கதை. உயிரோடு மிச்சம் இருப்பது ஒரே ஒரு டாலெக் என்று நினைக்கிறார் டாக்டர். அதைச் சங்கிலியால் கட்டி வைத்திருக்கிறார்கள். கோபத்தில் கொதிக்கும் டாக்டர் அதைக் கொல்லத் துடிப்பார். அப்போது அந்த டாலெக், 'நீயே ஒரு நல்ல டாலெக் ஆகிவிடுவாய் போலிருக்கிறதே' என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்லும். டாக்டர் அதிர்ந்து போவார். வில்லனைத் தோற்கடிப்பதை விடக் கடினமானது, வில்லனைப் போல ஆகாமல் தோற்கடிப்பது!

ஒரே சுவர், இரண்டு வீடு

இதெல்லாம் வேற்றுக் கிரகத்துக் கதை என்று நினைக்காதீர்கள். பூந்தமல்லியில் இருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால், திருமழிசைக்கு அப்பால் குத்தம்பாக்கம் என்ற ஊர் வரும். 1996 முதல் 2006 வரை அங்கே ஊராட்சித் தலைவராக இருந்தவர் இளங்கோ. வேதிப் பொறியியல் படித்து, விஞ்ஞான ஆய்வு நிறுவனத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர்.

நம் கிராமங்களில் 'ஊர்' தனி, 'சேரி' தனி என்று மனிதர்களைப் பிரித்து வைக்கும் பழக்கம் இருக்கிறதே, அதுவும் "எங்களைப் போல் இல்லாதவர்கள் எங்களோடு சேரக்கூடாது" என்ற அதே பேச்சுதானே? குத்தம்பாக்கத்தில் அரசின் சமத்துவபுரம் திட்டத்தில் வீடுகள் கட்டியபோது, இரட்டை வீடுகளாகக் கட்டினார்கள். மொத்தம் 50 இரட்டை வீடுகள்; 100 குடும்பங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் வேறு சாதிக் குடும்பம். நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். இரண்டு குடும்பத்துக்கும் அந்தச் சுவர் சொந்தம்!

துப்பாக்கி இல்லாமல், யாரையும் அழிக்காமல், மூளையைப் பயன்படுத்தி வெறுப்பை எதிர்த்து நிற்பது என்றால் இதுதான்.

ஆனால், வீடு கட்டியதோடு வேலை முடிந்துவிடாது. அந்த வில்லன் முகம் மாற்றி வருவான். "அவன் பக்கத்தில் உட்காராதே", "அவள் டிபன் பாக்ஸில் இருந்து சாப்பிடாதே", "அவன் பேச்சைப் பார், நம்ம ஊர்க்காரனே இல்லை" என்று உங்கள் வகுப்பறைக்குள்ளேயே வருவான். அப்போது நீங்கள் அவனை அடையாளம் கண்டுபிடித்துவிட வேண்டும். 'அட, இது டாலெக் குரல் ஆயிற்றே!' என்று.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வீர்கள்? நகர்ந்து இடம் கொடுத்து, "இங்கே வந்து உட்காரு" என்று கூப்பிடுங்கள். டிபன் பாக்ஸைத் திறந்து நடுவில் வையுங்கள். அவ்வளவு போதும்.

வில்லன் அடுத்த வாரமும் வரலாம். வரட்டுமே! நீங்களும்தான் அங்கே இருப்பீர்களே, குட்டீஸ்!